லாகர் அண்ணாச்சி

ஜுபைலில் நாங்கள் இருந்த கேம்பில் இரண்டே சாதிதான். ஏல் போடுகிறவர்கள், லாகர் போடுகிறவர்கள். ஏல் சாதியில் நாங்கள் ஒன்பது பேர். லாகர் சாதியில் அவர் ஒருவர் மட்டும். சிறுபான்மையாக இருக்கிறோமே என்று அவர் வருத்தப்பட்டதே இல்லை. எங்களை நினைத்துத்தான் வருத்தப்படுவார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சவூதியில் மது கூடாது. பிடிபட்டால் வேலை போகும், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்பி வர முடியாது. அதிர்ஷ்டம் கெட்டவனாக இருந்தால் இடையில் ஜெயிலும் உண்டு. இதெல்லாம் தெரிந்தும் எங்கள் கேம்பில் நாங்கள் சிலர், சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் போதையில்லாத மால்ட் பானத்தை வாங்கி வந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து அறைக்குள்ளேயே பீர் ஆக்கினோம். நம்மூரில் ஊறல் போடுவது என்பார்களே, அதன் படித்த தம்பி. பீரில் இரண்டு வகை. ஏல் என்பது அறையின் வெதுவெதுப்பிலேயே நுரைத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் குடிக்கத் தயாராகிவிடும். லாகருக்கு ஈஸ்ட்டே வேறு. அதைக் குளிரில் வைக்க வேண்டும். ஐந்து வாரம், ஆறு வாரம் என்று படுத்தே கிடக்கும். எங்களுக்கு எது பிடித்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே இருக்கட்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு மீனவர் ஊர். கடலுக்குப் போகாமல் ஐ.டி.ஐ. படித்து, இருபது வருஷத்துக்கு மேலாக வளைகுடாவில் இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன். ஆலையில் அழுத்தமும் வெப்பமும் காட்டுகிற மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது வேலை. நான் திருநெல்வேலிப் பக்கம். அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அவர் ஊர் வழக்கப்படி ஒற்றை ஆளையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

என் முதல் ஏலை நான் அறைக்கு வந்த நாலு பேருக்கு ஊற்றிக் கொடுத்த நாள் நினைவிருக்கிறது. எல்லோரும் ஓசிச் சரக்குக்கு உரிய மரியாதையுடன் 'ஆஹா' என்றார்கள். அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"மக்களே, இது பீரு இல்ல. வாழப்பழச் சாறாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சூடு கூடிப்போச்சி. ஏசிக்கு நேரா வைக்காம அலமாரிக்குள்ள வச்சியா?"

அலமாரிக்குள்தான் வைத்திருந்தேன். கேம்பைக் கண்காணிக்கிற கேம்ப் பாஸுக்குப் பயந்து துணிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு வாயில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மீதியை நானே குடித்தேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது வாழைப்பழமாகத்தான் இருந்தது.

அவருடைய லாகர் அறையின் மூலையில் ஒரு பழைய பிரிட்ஜுக்குள் இருந்தது. ஊருக்குப் போன ஒரு பிலிப்பைன்ஸ்காரரிடம் வாங்கியது. உள்ளே இருந்த தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய தண்ணீர் கேன் ஒன்றை நிறுத்தியிருந்தார். குளிரை அளப்பதும் அடக்குவதும் அவர் தொழில்தானே. ஏதோ ஒரு கருவியை மாட்டி, உள்ளே பத்து டிகிரியை விட்டு இம்மியும் அசையாமல் வைத்திருந்தார். ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் திறப்பார். வாரத்துக்கு ஒரு கிளாஸ், அதற்கு மேல் தொடமாட்டார். மிச்சத்தைக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார். கொடுக்கும்போதே அதில் என்ன குறை என்றும் சொல்லிவிடுவார்.

"லீவே நாப்பது நாள்தான் தர்றான். பீருக்கும் நாப்பது நாளாண்ணே?" என்று எங்கள் ஏல் சங்கத்தின் தலைவர், ஒரு திருச்சி எலக்ட்ரீசியன், அவரைச் சீண்டுவார்.

"ஏலுல எது தப்பினாலும் ஒரு பழ வாசன, ஒரு மசாலா வாசன வந்து மூடிரும்," என்பார் அண்ணாச்சி. "ஒன்னால யாரையும் ஏமாத்த முடியும். லாகருல மூட எடமில்ல. மொதல் நாளு கை தப்பினா கடசி நாளு நாக்குல தெரியும். அதனால எனக்கு இதாக்கும் பிடிச்சது."

பீரைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். மனுஷனே அப்படித்தான் என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

மெஸ்ஸில் பரிமாறுகிறவனிடம், "இந்த மீனு செத்து நாலு நாளாச்சி," என்பார், பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது. புது பைக் வாங்கிய தம்பியின் போட்டோவைக் காட்டி ஒருவன் பெருமைப்பட்டால், "உனக்கு வீட்டுல கழிப்பற இல்லன்னு சொன்னியே மக்களே," என்பார். குத்திக்காட்டுகிற தொனியே இருக்காது. மீட்டரைப் பார்த்து எண்ணை வாசிப்பதுபோல வாசிப்பார்.

வேலையிலும் இதே கதைதான். மீட்டரைச் சோதிக்கிற தாளில் இரண்டு கட்டம் உண்டு. திருத்துவதற்கு முன் எவ்வளவு காட்டியது, திருத்திய பின் எவ்வளவு காட்டுகிறது. முதல் கட்டத்தில் எல்லோரும் சரியான எண்ணையே எழுதிவிடுவார்கள். தப்பான எண்ணை எழுதினால், இத்தனை நாள் தப்பாகக் காட்டியதை யார் கவனிக்கவில்லை என்று விசாரணை வரும். எதற்கு வம்பு? அண்ணாச்சி கண்ட எண்ணை எழுதுவார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் ஃபோர்மேன் ஆனார்கள். அவர் டெக்னீஷியனாகவே இருந்தார். தவளை தன் வாயால் கெடும் என்று நான்கூட ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "கெடட்டு," என்றார்.

இதையெல்லாம் ரசிக்கலாம். ரசிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

வளைகுடாவில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊரில் யாராவது இறந்துவிட்டால், இங்கே இருக்கிற மகனிடம் இறந்துவிட்டார் என்று சொல்லமாட்டார்கள். 'சீரியஸா இருக்காங்க, கிளம்பி வா' என்பார்கள். அறைக்காரர்கள் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். அவனுக்குத் தெரியாததுபோல் நடிப்பார்கள். அவனும் பாதி தெரிந்துகொண்டே டிக்கெட் எடுத்து, விமானத்தில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகாது என்று வேண்டிக்கொண்டே போவான். வீட்டு வாசலில் பந்தலைப் பார்க்கும்போதுதான் முடிவாகத் தெரியும். அந்தப் பத்து மணி நேர நம்பிக்கையை அவனுக்கு விட்டுக்கொடுக்கிறோம். நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று யாரும் கேட்டதில்லை.

பக்கத்து அறையில் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், வெல்டர். அவன் அம்மா போய்விட்டாள். நாங்கள் ஆறு பேர் அவனைச் சுற்றி நின்று, 'ஐசியூல இருக்காங்களாம், பாத்துக்கலாம்' என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அவன் அம்மாவுக்கென்று ஒரு போர்வையை எடுத்து வைத்தான். ஆஸ்பத்திரியில் குளிருமாம். அதுவரை வாசலில் நின்றிருந்த அண்ணாச்சி உள்ளே வந்து அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மக்களே, அம்ம போயாச்சி. காலம்பறயே போயாச்சி. நீ போய்ச் சேரும்போ அடக்கம் முடிஞ்சிருக்கும். அழணும்னா இங்கன அழுதுட்டுப் போ. பிளேனுல ஒத்தைக்கு அழாண்டாம்."

அவன் அழவில்லை. போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. போய்விட்டு முப்பது நாளில் திரும்பி வந்தவன், கேம்பை விட்டுப் போகும்வரை அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அவர்மேல் ஆத்திரமாக வந்தது. "அவன் கேட்டானா உங்ககிட்ட? எதுக்குச் சொன்னீய?" என்று அன்று சண்டை போட்டேன்.

"எனக்க அப்பா செத்தப்போ எனக்கும் இப்பிடித்தான் சீரியஸ்னு சொன்னாவ," என்றார். "ரெண்டு பிளேனு மாறி, வழி முழுக்க ஜெபம் சொல்லிட்டுப் போனேன். செத்தவனுக்கு உயிரு கேட்டு ஜெபம். வீட்டுல போனா எல்லாரும் என்னப் பாத்து நிக்காவ. நான் மட்டும் கோமாளி."

நான் போய் அந்தப் பையனின் பெட்டியைக் கட்டி முடித்தேன்.

அவருக்கு ஒரே மகள். அவள் பிறந்தபோது அவர் தம்மாமில் இருந்தார். சர்ச்சில் முதல் நன்மை வாங்கியபோது குவைத்தில் இருந்தார். பத்தாம் வகுப்பு, நர்சிங், எல்லாமே போனில்தான். அவள் படித்து முடித்து எங்கெங்கோ வேலை கிடைத்தும், அல் கோபாரில் ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்து வந்து சேர்ந்தாள். அப்பா ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் காரணம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். பிள்ளை தன்னைத் தேடி வந்துவிட்டாள் என்று அவரால் நம்பவே முடியவில்லை.

ஒரு வெள்ளி விட்டு மறு வெள்ளி பஸ் பிடித்து கோபார் போவார். கடற்கரை நடைபாதையில் உட்கார்ந்து இருவரும் மீன் பொரியல் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான், இரண்டு மணி நேரம். வியாழக்கிழமை ராத்திரியே சட்டையை அயர்ன் பண்ணித் தொங்கவிட்டுவிடுவார். பெண் பார்க்கப் போகிறவன்கூட அப்படித் தயாராகமாட்டான். "இருபத்தாறு வருசம் கழிச்சி அப்பன் ஆயிருக்கேன் மக்களே," என்று ஒருமுறை சொன்னார்.

இந்த மனுஷனிடம் மகள், லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சொல்லிவிட்டார். பிரிட்ஜ், கேன், பத்து டிகிரி, எல்லாவற்றையும். கேட்டால் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாளாம். பிடிபட்டால் உங்களை ஏற்றிவிடுவார்கள், நான் யாரைப் பார்க்க இங்கே வந்தேன் என்று கேட்டிருக்கிறாள்.

"செரின்னு சொல்லிட்டேன்," என்றார் திரும்பி வந்து. "இப்ப கெடக்கதோட நிறுத்துகேன். இதுதான் கடசி."

"இருபது வருஷப் பழக்கம் அண்ணாச்சி. சட்டுன்னு விட்டுருவீயளா?"

"அவகிட்டச் சொல்லியாச்சில்லா," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேனைத் திறக்க வேண்டிய நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தார்.

அது ஆகஸ்ட் மாதம். அந்த மாதத்தில்தான் எனக்கும் மகள் பிறந்தாள். போனில் பார்த்தேன். சிவப்பாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் விருந்து என்று அறிவித்துவிட்டேன். என் ஏல் போட்டு அப்போது ஆறே நாள் ஆகியிருந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அன்றைக்கே இருபது பாட்டில்களில் நிரப்பி, நுரை நன்றாக வரட்டும் என்று பாட்டிலுக்கு ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டு, கம்பி மூடியை அழுத்தி அலமாரிக்குள் அடுக்கினேன்.

அண்ணாச்சி கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் அடங்கல்ல மக்களே. நாலு நாளு கெடக்கட்டு. இப்ப மூடினா உள்ள காத்து கெட்டியாவும்."

"பிள்ளை பிறந்திருக்கா அண்ணாச்சி. நாலு நாள்லாம் முடியாது."

"பிள்ளை பத்து மாசம் கெடந்துதான வந்தா," என்றார்.

வியாழக்கிழமை அறையின் ஏசி நின்றது. சனிக்கிழமைதான் ஆள் வருவான் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை முடிந்து கேம்பே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், என் அலமாரிக்குள் முதல் பாட்டில் வெடித்தது. டயர் வெடித்த சத்தம். சட்டைகள் எல்லாம் நனைந்து, கதவிடுக்கில் நுரை வழிந்தது. நான் கதவைத் திறக்கக் கை நீட்டும்போதே இரண்டாவது வெடித்தது.

அண்ணாச்சிக்கு அது கோபார் போகாத வெள்ளி. எழுந்து, டியூட்டிக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியையும் தோல் கையுறையையும் மாட்டிக்கொண்டார். என்னுடைய கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மிச்சம் எத்தன?"

"பதினெட்டு. மூடியத் திறந்து காத்த விட்டுரவா அண்ணாச்சி?"

"தொறந்தா கையில வெடிக்கும். குளிருல வச்சாதான் அடங்கும்."

குளிர் இருந்தது ஒரே இடத்தில். அந்த இடத்தில் அவருடைய கேன் இருந்தது. ஐந்து வாரம் ஆகியிருந்தது, இன்னும் ஆறு நாள் பாக்கி. அவர் பிரிட்ஜைத் திறந்து இரண்டு கையாலும் கேனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஓரமா மூடி வச்சிருவோம் அண்ணாச்சி. ஊத்தாதீய."

"இந்தச் சூட்டுல நாளைக்கே கெட்டுப்போவும். கெட்டத வச்சிருந்து யாருக்கு?" என்றார். சாய்ப்பதற்கு முன் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்திக் குடித்தார். நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

"செரியா வந்திருக்கு," என்றார்.

மூன்று வருஷத்தில் எந்த பீரைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு கேனைச் சாய்த்தார். அது காலியாக ரொம்ப நேரம் ஆனது.

ஈரத் துண்டில் சுற்றி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரிட்ஜுக்குள் படுக்க வைத்தார். பதினெட்டும் உள்ளே போயின. உடைந்த கண்ணாடியைப் பெருக்கிப் பையில் கட்டி, அலமாரியைத் துடைத்து, அவர் நிமிர்ந்தபோது கதவைத் தட்டினார்கள். கேம்ப் பாஸும் இரண்டு செக்யூரிட்டிகளும். சத்தம் எல்லா அறைக்கும் கேட்டிருக்கிறது, வாசனை வராந்தா வரைக்கும் போயிருக்கிறது. அவர்கள் நேராக பிரிட்ஜுக்குத்தான் போனார்கள்.

"யே கிஸ்கா ஹை?" என்று கேட்டான் கேம்ப் பாஸ். இது யாருடையது?

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. "பிரிட்ஜ் மேரா ஹை," என்றார். பிரிட்ஜ் என்னுடையது.

கேம்ப் பாஸ் ஒரு பாட்டிலைக் காட்டி மறுபடி கேட்டான். "பிரிட்ஜ் மேரா ஹை, பாய்," என்று அதையே சொன்னார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. உண்மையை வைத்தே ஒன்றை மூடியதை அவரிடம் நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

கேம்ப் பாஸ் என் பக்கம் திரும்பினான். "தும்?" நீ?

என் கையில் ஈரத் துண்டு இருந்தது. நெற்றியில் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. ஊரில் பிறந்து ஐந்து நாளான பிள்ளை இருந்தது.

"முஜே குச் நஹி மாலூம்," என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

கம்பெனி போலீசுக்குப் போகவில்லை. தன் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஒரு வாரத்தில் எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவது, இனி இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி செய்துவிடுவது என்று முடிவானது. அதுவரை கேம்ப் ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். புறப்படுகிற அன்று அவர் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னை விட்டார்கள். அந்த ஒரு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னால் பெரிய மனசாட்சிக்காரன் மாதிரி இருக்கும். தூங்கினேன். எழுந்ததும்தான் நினைவு வரும்.

"அண்ணாச்சி, நான் சொல்லிருதேன். அது என்னுதுன்னு இப்பவே போய்ச் சொல்லிருதேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லுகவன் அண்ணைக்கே சொல்லியிருப்பான்," என்றார். கோபம் இல்லை. வழக்கமான அந்தக் குரல்தான். "இப்பச் சொன்னா ரெண்டு பேரு போவணும். உனக்கு பிள்ள இருக்கு. அத விடு."

பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஒரு காரியம் செய்வியா?" என்றார். என்னிடம் அவர் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்க மகளுக்குப் போன் பண்ணினேன். எனக்க பிரிட்ஜுல இருந்து பதினெட்டு பாட்டிலு எடுத்தாவன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், அவ வச்சிட்டா. நான் வாக்குத் தப்பிப் புதுசாப் போட்டுட்டேன்னு நெனைக்கா. பிடிபட்டவன் வாயால எது சொன்னாலும் சாக்காத்தான் தெரியும். அவகிட்ட மட்டும் நீ போய் உள்ளதச் சொல்லு. வேற யாருக்கும் வேண்டாம்."

"கண்டிப்பா சொல்லுதேன் அண்ணாச்சி."

"நான் கடசின்னு சொன்னத ஊத்திட்டேன்னு சொல்லு," என்றார். வெளியே வண்டி ஹார்ன் அடித்தது.

தம்மாம் விமான நிலையத்துக்கு மகள் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கோபார் போனேன். அவர் விட்டுப்போன ரைஸ் குக்கரையும், அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த மெத்தென்ற வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடியையும் பையில் எடுத்துக்கொண்டேன். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற பிள்ளை, கால் வலிக்கும் என்று வாங்கியது. கடற்கரை நடைபாதையில் வந்து நின்றாள். அப்பாவின் அதே நெற்றி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் நான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தேன்.

அவளே முதலில் பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியளா? இந்த ஒண்ணோட நிறுத்துகேன்னு அப்பா சொன்னாவ. எங்கிட்ட அப்பா பொய் சொன்னதே இல்ல. இப்ப பதினெட்டு பாட்டிலு பிடிச்சிருக்காவ. அது அப்பாக்குள்ளதா?"

அவளுக்குத் தெரிந்துபோனால் சும்மா இருப்பாளா என்று நினைத்தேன். கம்பெனிக்குப் போவாள். அப்பாவைத் திரும்பக் கொண்டுவர யாரையெல்லாமோ பார்ப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் போவேன். என் அறை, என் வேலை, இன்னும் நான் தூக்கிக்கூடப் பார்க்காத பிள்ளை. இதெல்லாம் நினைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"பழக்கம் விடாதும்மா," என்றேன். "நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம்."

அவள் தலையாட்டினாள். பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. போகத் திரும்பியவள் நின்று, "குழந்தைக்கு என்ன பேரு வச்சிய? பெண்பிள்ளன்னு அப்பா சொன்னாவ," என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். நல்ல பெயர் என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஏல் போடவில்லை. அதை ஒரு தண்டனையாக நினைத்துச் செய்ததாகச் சொன்னால் அதுவும் பொய். பயம்தான். அவர் கட்டிலுக்கு ஒரு பீகார்க்காரர் வந்தார். பிரிட்ஜை கேம்ப் ஆபீசிலேயே வைத்துக்கொண்டார்கள், அதில் தண்ணீர் குளிர வைத்தார்கள்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள், நான் ஸ்டோரில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் அவர் அழைத்தார். எப்படி இருக்கிறாய், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கடலுக்குப் போகிற வயது தாண்டிவிட்டது, ஐஸ் கம்பெனி ஒன்றில் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"அவ இதுவர எனக்க போன எடுக்கல்ல மக்களே. அம்மைக்கிட்ட மட்டும் பேசுகா. நீ அவளப் போய்ப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"சொன்னியா?"

ஸ்டோரில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வயதான மனிதர் காத்துக்கொண்டிருந்தார். அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. செய்யக்கூடியவரும் இல்லை.

"சொல்லிட்டேன்," என்றேன்.

"பாட்டிலு உனக்கதுன்னு சொன்னியா? நான் ஊத்தினது சொன்னியா?"

"எல்லாம் சொல்லிட்டேன் அண்ணாச்சி."



"அப்போ அவ நம்பல்ல," என்றார். "நீ நேருல போய்ச் சொல்லியும் நம்பல்ல. செரி. உன்னால ஆனத நீ செஞ்சிட்ட மக்களே."

நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டுப் போனை வைத்தார்.